உலகம் உள்ளே வராதபடி

எங்கள் சபையில் ஏழு மின்விசிறிகள் இருக்கின்றன. ஏழும் சத்தமில்லாமல் ஓடும். ஒரகடம் வட்டாரத்தில் வேறு எந்தச் சபையிலும், எந்தக் கல்யாண மண்டபத்திலும் இப்படி ஓடுகிற விசிறியைக் காட்ட முடியாது. உங்கள் காவல் நிலையத்தில் என் தலைக்கு மேல் ஓடுவதற்கு பேரிங் போய் ஆறு மாதமாவது ஆகியிருக்கும். காகிதமும் பேனாவும் கொடுத்து உட்காரவைத்ததற்கு நன்றி, ஐயா. எழுதி முடித்ததும் ஒரு ஸ்டூல் கிடைத்தால் அதையும் பார்த்துவிடுகிறேன்.

என் பெயர் தானியேல். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். ரேஷன் கார்டில் பழனிவேல். எங்கள் ஊர் வல்லம் வடகாலில் பழனிவேல் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். பெயரை மாற்றச் சொல்லி தாலுகா ஆபீசில் மூன்று முறை மனு கொடுத்துவிட்டேன். உலகம் அவ்வளவு சீக்கிரம் ஆளை விடாது. வயது நாற்பத்து நான்கு. ஐ.டி.ஐ. படித்த எலக்ட்ரீஷியன். கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை. எட்டு வருட சர்வீசில் என் பகுதியில் ஒரு விபத்துகூட நடந்ததில்லை. பாதுகாப்பு வாரத்தில் இரண்டு முறை பரிசு வாங்கியிருக்கிறேன். முதல் முறை ஹாட்பாக்ஸ், இரண்டாம் முறையும் ஹாட்பாக்ஸ்.

செல்லக்கனி எப்படி இறந்தாள் என்று எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். அதற்கு முன் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என்னைத் தவறாக நினைத்துக்கொள்வீர்கள்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில், பஞ்சர் கடைக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் சபை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமெண்ட் தரை. தொண்ணூற்று ஏழில் நான் சேர்ந்தபோது பத்தொன்பது பேர் இருந்தோம். வெள்ளை உடுப்பு. நகை கிடையாது, பூ கிடையாது, வீட்டில் டி.வி. கிடையாது. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் தரையில் பாய் விரித்து உட்காருவோம். இரண்டு வருடத்தில் என்னை மூப்பராக்கினார்கள். பாஸ்டர் பரசுராமன் பிரசங்கம் செய்வார். உலகம் உள்ளே வராதபடி நான் பார்த்துக்கொள்வேன். அவரும் பழைய பெயரை மாற்றிக்கொள்ளவில்லை என்பதை அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

உலகம் நேரே வாசல் வழியாக வராது, ஐயா. முதலில் அது ஒரு சுவர்க்கடிகாரமாக வந்தது. ஒரு விசுவாசி அன்பளிப்பாகக் கொடுத்தது. மணிக்கு ஒரு தடவை ஏதோ ராகம் வாசிக்கும். பிரசங்கத்தின் நடுவே பதினோரு மணிக்கு அது வாசித்தபோது பின்வரிசையில் ஒருவர் தலையாட்டி ரசிப்பதைப் பார்த்தேன். அடுத்த வாரம் அதன் ஸ்பீக்கர் ஒயரைத் துண்டித்தேன். முள் மட்டும் ஓடும்படி விட்டுவைத்தேன். பிறகு அரிசி மண்டிக் காலண்டரைக் கழற்றினேன். அதில் ஒரு நீர்வீழ்ச்சி இருந்தது. ஜெபிக்கிறவர்கள் நடுவில் குற்றாலத்தை நினைத்துக்கொண்டால் யார் பொறுப்பு? பிளாஸ்டிக் ரோஜாக்கள் போயின. கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் போயிற்று. குழந்தை இயேசுவைத் தேடி வந்த சாஸ்திரிகளுக்கு வழி தெரியாது, அதனால் நட்சத்திரம் வேண்டியிருந்தது. நமக்கு வாலாஜாபாத் ரோட்டில் தெருவிளக்கு இருக்கிறது.

கீபோர்டு ஒன்று வந்தது. அதன் பட்டன்களுக்கு மேலே டிஸ்கோ, சம்பா, ராக் என்று வரிசையாக அச்சடித்திருந்தார்கள். பாவத்துக்கு இவ்வளவு தெளிவாகப் பெயர்ப் பலகை வைத்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கருப்பு இன்சுலேஷன் டேப் எடுத்து ஒவ்வொன்றாக ஒட்டினேன். கடைசியில் மிஞ்சியது ராணுவ அணிவகுப்புத் தாளம் ஒன்றுதான். அதற்கு ஏற்றபடி இரண்டு வாரம் பாடிப் பார்த்தார்கள். வாசித்துக்கொண்டிருந்தவர் மூன்றாவது வாரம் படப்பையில் வேறொரு சபைக்குப் போய்விட்டார்.

கை தட்டுவதையும் நிறுத்தப் பார்த்தேன். கட்சி மாநாட்டில் தலைவர் மேடையேறும்போது தட்டுகிற கையை ஆராதனையில் தட்டக் கூடாது என்பது என் கருத்து. பாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் சபை முழுக்கத் தட்டும்போதும் நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு பாடுவேன். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விதியும் நான் கொண்டுவந்ததுதான். எங்கள் சபைகளில் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இறங்கினால் சிலர் நடுங்குவார்கள், சிலர் விழுவார்கள். உங்களுக்கு இது புதிதாக இருக்கலாம். அதில் பாதி உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதிப் பேர் பாய் இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் விழுவார்கள். சிக்கல் என்னவென்றால், சகோதரிகள் விழும்போது தாங்கிப்பிடிக்கச் சில சகோதரர்கள் மிகுந்த ஆர்வம் காட்டினார்கள். ஆண் விழுந்தால் தரைதான் தாங்கியது. ஆகவே, அபிஷேகத்தில் இருப்பவரை யாரும் தொடக் கூடாது, தொடுகிறவர் ஆவியானவரின் கிரியையைத் தடுக்கிறவர் என்று மூப்பர் கூட்டத்தில் சொன்னேன். பாஸ்டருக்கு மிகவும் பிடித்துப்போனது. அன்றிலிருந்து சபை அந்த விதியைச் சட்டம் மாதிரிக் கடைப்பிடித்தது.

அந்தக் காலத்தில் பாட்டு எடுத்துக் கொடுத்தது நான். நான் முதல் வரியைப் பாட, சபை பின்னால் பாடும். ஆறு வருடம் அப்படி நடந்தது. இது வழக்குக்குச் சம்பந்தமில்லாத விவரம். வரிசை விட்டுப்போகக் கூடாதே என்று எழுதுகிறேன்.

செல்லக்கனி 2003 ஜூன் மாதம் வந்தாள். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். ஊர்ப் பெயரை வைத்து நான் எதையும் முடிவு செய்துவிடவில்லை. வயது இருபத்தொன்று. கார்களுக்கு ஒயர் கட்டு பின்னுகிற கம்பெனியில் வேலை. ஆறு பெண்கள் சேர்ந்து ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். அறைத்தோழி மாரிசெல்வியையும் கூட அழைத்துவருவாள். மாரிசெல்வி நம் ஆள் இல்லை. அவள் குடும்பத்துக்கு ஊரில் ஏதோ அம்மன் கோவில். ஞாயிற்றுக்கிழமை அறையில் தனியாக உட்கார முடியாமல் துணைக்கு வருகிறவள், அவ்வளவுதான்.

இரண்டாவது வாரமே பாஸ்டர் புதிதாக வந்தவர்களை ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். செல்லக்கனி எழுந்து, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பாடினாள்.

நன்றாகப் பாடினாள். பொய் எழுதக் கூடாதல்லவா? வெளியே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் கையில் டியூபோடு வாசலில் வந்து நின்றார். அதற்கு அடுத்த வாரம் அவள் பாடியபோது நான் சபையை எண்ணிப் பார்த்தேன். பாட்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கர்த்தரை நோக்க வேண்டும். அறுபத்திரண்டு பேர் கண்ணைத் திறந்துகொண்டு அவளை நோக்கிக்கொண்டிருந்தார்கள். நான் எப்படி எண்ணினேன் என்று கேட்காதீர்கள், யாராவது ஒருவர் கண்ணைத் திறந்துதான் ஆக வேண்டும்.

அதன்பின் கூட்டம் சேர்ந்தது. ஷிஃப்ட் முடித்த பிள்ளைகள் யூனிஃபார்மோடு கம்பெனி பஸ்ஸிலிருந்து நேரே இறங்கி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. வேண்டாம் என்று சொன்னவர்கள்கூட உண்டு. அதை நான் ஒரு சூப்பர்வைசர் வாயிலாகக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருநூறு பேர் ஆனோம். பாட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை, யாரும் சொல்லாமலே, அவளிடம் போய்விட்டது.

நான் அவளைத் திருத்தத்தான் பார்த்தேன். முதலில் அவள் காதில் இருந்த சிறு கம்மலைச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் கழற்றினாள். ஓட்டை தூர்ந்துவிடக் கூடாது என்று ஈர்க்குச்சி செருகிக்கொண்டு வந்தாள். ஈர்க்குச்சியும் ஒரு விதத்தில் அலங்காரம்தான் என்றேன். அதையும் எடுத்துவிட்டாள். பாட்டில் நடுநடுவே போடுகிற நெளிவு சுளிவெல்லாம் சினிமாக்காரர்களுடையது, நேராகப் பாடு என்றேன். நேராகப் பாடினாள். அன்றைக்குத்தான் முன்வரிசைப் பெரியவர்கள் நான்கு பேர் தேம்பித் தேம்பி அழுதார்கள். அவள் ஒரு தடவையாவது எதிர்த்துப் பேசியிருந்தால் விஷயம் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

ஒரு நாள் மட்டும் கேட்டேன், பாடாமல் உட்கார்ந்திருந்தால் என்ன என்று. அவள் பாயின் ஓரத்தைப் பிய்த்தாள்.

"லைன்ல என்னய பதினாலாம் ஸ்டேஷன்னுதான் கூப்பிடுவாவ, பிரதர். ஆறு நாளும் நின்னுக்கிட்டே ஒயரு பின்னணும், வாயத் தொறக்கக் கூடாது. இங்கதான் செல்லக்கனின்னு கூப்பிடுதாவ. இதயும் விடச் சொல்லாதிய" என்றாள்.

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கவனியுங்கள், அவள் ஆண்டவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் பெயரைப் பற்றித்தான் சொன்னாள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பாஸ்டரிடம் போனேன். "சபை வளர்ந்துனு வருது பிரதர், இப்போ போய் இன்னாத்துக்கு?" என்றார். என் மனைவி பங்கஜத்திடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு பாடச்சொல்லோ ஊரே உருகிப்போவுது. உனுக்கு மட்டும் இன்னாய்யா, வயிறு எரியுதா?" என்றாள். பங்கஜம் நல்லவள். ஆவிக்குரிய விஷயங்களில்தான் அவளுக்குத் தெளிவு போதாது. முன்பு நான் பாடுவதைக் கேட்டால் ஜெனரேட்டர் ஞாபகம் வருகிறது என்று சொன்னவள். ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக இருக்கும் என்ற பொருளில் சொன்னாள்.

யோசித்துப் பார்த்ததில், குரல் கெடுதல் இல்லை, அது பெரிதாவதுதான் கெடுதல் என்று புரிந்தது. பெரிதாவது மைக்கால். மைக், ஆம்பிளிஃபயர், ஒயர் எல்லாம் என் பொறுப்பு. மைக்கைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று ஒன்று வந்தால் அவள் மைக்கை வெறுப்பாள். மைக் இல்லாமல் பாடினால் முதல் மூன்று வரிசைக்குத்தான் கேட்கும். இருநூறு பேர் கெடுகிற இடத்தில் முப்பது பேர் கெடுவார்கள். கம்பெனியில் ரிஜெக்ஷனைக் குறைப்பது இந்த முறையில்தான்.

2005 அக்டோபர் கடைசி ஞாயிறு அதைச் செய்தேன். பாட ஆரம்பித்ததும் அவள் கை ஒரு தடவை உதறியது. பாட்டு நிற்கவில்லை. முடிந்தபின் என்னிடம் வந்தாள்.

"மைக்கு லேசா கடிக்கு பிரதர். கொஞ்சம் பாக்கியளா?" என்றாள், சிரித்துக்கொண்டே.

பார்க்கிறேன் சிஸ்டர் என்றேன். பார்க்கத்தான் செய்தேன்.

அடுத்த வாரம் மைக்கைக் கைக்குட்டையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு பாடினாள். இளநீலக் கைக்குட்டை, ஓரத்தில் மஞ்சள் நூலில் ஒரு குருவி. அவள் அம்மா தைத்துக் கொடுத்தது என்று மாரிசெல்வி பிற்பாடு சொன்னாள். மெல்லிசைக் கச்சேரி மேடைகளில்தான் இப்படிக் கைக்குட்டையும் கையுமாக நிற்பார்கள். ஆராதனைக்குள் இது வரலாமா என்று மூப்பர் கூட்டத்தில் கேட்டேன். யாருக்கும் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதபோது தடை போட்டுவிடுவது எங்கள் கூட்டத்தின் வழக்கம். கைக்குட்டை தடை செய்யப்பட்டது.

மேடையில் ஒரு சிவப்புக் கம்பளம் கிடந்தது. அதைப் பற்றியும் அதே கூட்டத்தில் பேசினேன். சிவப்புக் கம்பளத்தில் நடக்கிறவர்கள் யார், நடிகைகளும் மந்திரிகளும். அது இரண்டு நிமிடத்தில் முடிவானது. கம்பளத்தின் அடியில் ரப்பர் இருந்தது எனக்குத் தெரியும். மற்ற மூப்பர்களுக்குத் தெரியாது, அவர்கள் கேட்கவுமில்லை. அந்த வருட மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நவம்பர் மாதம் முழுக்கத் தரை காயவே இல்லை. மூன்றாவது ஞாயிறு காலையில், என் முறை இல்லாவிட்டாலும், நானே வாளியும் துணியும் எடுத்து மேடையைத் துடைத்தேன். பரிசுத்தமான இடம் சுத்தமாக இருக்க வேண்டாமா?

சுருக்கென்பது போதவில்லை என்று பட்டதால் கொஞ்சம் கூட்டியும் வைத்திருந்தேன். என்ன செய்தேன் என்பதைத் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். மின்வாரிய ஆட்களுக்கு அது விளங்கும். மற்றவர்களுக்கு அலுப்பாக இருக்கும்.

அன்றைக்குப் பத்து மணி சுமாருக்குப் பாஸ்டர் அவளைக் கூப்பிட்டார். வெறுங்காலோடு மேடையேறினாள். எங்கள் சபையில் எல்லோரும் வெறுங்கால்தான். நான் மேடை ஓரத்தில் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அது நான் எப்போதும் நிற்கிற இடம்.

"சரியாக்கியாச்சா பிரதர்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆச்சு சிஸ்டர்" என்றேன்.

நன்றி சொல்லிவிட்டு மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். முதல் வரி பாதி வந்தது. பிறகு குரல் வரவில்லை. நடுங்க ஆரம்பித்தாள்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். இரண்டரை வருடத்தில் செல்லக்கனி ஒரு தடவைகூட அபிஷேகத்தில் நடுங்கியதில்லை. இவ்வளவு நன்றாகப் பாடுகிற பிள்ளைக்கு ஏன் இன்னும் இறங்கவில்லை என்று சபையே ஏங்கிக்கொண்டிருந்தது. உபவாசம் இருந்து ஜெபித்தவர்கள் உண்டு. ஆகவே அவள் நடுங்கியதும் இருநூறு பேரும் சந்தோஷத்தில் கத்தினார்கள். அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது. கை தட்டினார்கள். சில சகோதரிகள் அழுதுகொண்டே குதித்தார்கள்.

"தொடாதீங்க, யாரும் தொடாதீங்க" என்று பாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆண்டவர் பிள்ளையத் தொட்டுட்டாரு."

யாரும் தொடவில்லை. விதியை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

ஒரே ஒருத்திதான் எழுந்து ஓடிவந்தாள். மாரிசெல்வி. அவளுக்கு அபிஷேகம் என்றால் என்னவென்று தெரியாது. அதனால் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் பார்த்தாள்.

"ஏ, அது கரண்டுல்லா பிடிச்சிருக்கு. மெயின அமத்துங்கண்ணே. அண்ணே, அமத்துங்க" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். அவ்வளவு இரைச்சலில் அது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். பிறகு செல்லக்கனியைப் பிடித்து இழுக்கப் பாய்ந்தாள். நான் இடது கையால் அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்து நிறுத்தினேன். தொட்டிருந்தால் அவளும் போயிருப்பாள். அன்றைக்கு ஓர் உயிரைக் காப்பாற்றியது நான். இதைப் பதிவில் சேர்க்க வேண்டும்.

என் வலது கை மெயின் சுவிட்சின் மேல் இருந்தது.

அதை இறக்குவதற்கு ஒரு விரலின் பலம் போதும். நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும், ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். இறக்கத்தான் கையை வைத்தேன். இறக்குவதற்கு முன் ஒரு தடவை சபையைப் பார்த்தேன். வழக்கம்போல எண்ணினேன். ஒருவர்கூடக் கண்ணைத் திறந்திருக்கவில்லை. இருநூறு பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையை மேலே தூக்கி, கண்ணீர் வழியக் கர்த்தரை நோக்கிக்கொண்டிருந்தார்கள். அவளை யாரும் பார்க்கவில்லை. பாட்டும் இல்லை, நெளிவு சுளிவும் இல்லை. இத்தனை வருடமாக நான் எதற்காக ஒயரைத் துண்டித்தும் காலண்டரைக் கழற்றியும் வந்தேனோ அது என் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது. நடுவில் புகுந்து கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

சுவர்க்கடிகாரத்தில் முள்ளை நான் நிறுத்தவில்லை என்று சொன்னேன் அல்லவா? நொடிமுள் ஒரு முழுச் சுற்று போய், மறு சுற்றில் பாதி வந்தது. மாரிசெல்வி என் கையைக் கடித்தாள். தழும்பு இருக்கிறது, காட்டுகிறேன். அதன்பிறகு இறக்கினேன். ஏழு விசிறிகளும் நின்றன. புழுக்கம் தெரிந்ததும்தான் சபை கண்ணைத் திறந்தது.

கரண்டா பிரதர் என்று மூப்பர் ஒருவர் கேட்டார். எல்லோர் முன்னிலையிலும் டெஸ்டரை எடுத்து மைக்கில் வைத்துக் காட்டினேன். எரியவில்லை. மெயினை இறக்கியிருக்கும்போது எந்த டெஸ்டரும் எரியாது. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. மாரிசெல்வி திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளை இரண்டு சகோதரிகள் அணைத்து வெளியே கூட்டிப்போய் அவளுக்காக ஜெபித்தார்கள். ஊரிலிருந்து செல்லக்கனியின் அப்பா வேனில் வந்து சேர்ந்தார். ஆராதனையிலேயே கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்று பாஸ்டர் சொன்னார். "பாடிக்கிட்டு இருக்கும்போதாய்யா?" என்று மட்டும் அப்பா கேட்டார். ஆமாம் என்றதும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். உடம்பை அறுக்க வேண்டாம் என்றார். வேனில் ஏற்றும்போது நானும் ஒரு பக்கம் தூக்கினேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

நான்கு மாதம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளலாமா என்றும் கேட்டீர்கள். வேண்டாம். காரணம் வேறு.

ஆராதனையின் நடுவில் ஒரு பெண் எடுத்துக்கொள்ளப்பட்டாள் என்ற செய்தி வாலாஜாபாத் தாண்டிக் காஞ்சிபுரம் வரை போய்விட்டது. வேன் வேனாக ஆட்கள் வந்தார்கள். ரோட்டோரச் சுவரெல்லாம் அவள் படம் போட்ட போஸ்டர். தோளில் இரண்டு இறக்கையை ஒட்டி, மேகத்தில் நிற்கவைத்திருந்தார்கள். காதில் கம்மலும் வரைந்திருந்தார்கள். நான் கழற்ற வைத்த கம்மல். அந்த மைக்கைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் கலர் சீரியல் பல்பு போட்டார்கள். பல்பு போடுகிற வேலையை என்னிடம்தான் கொடுத்தார்கள். போட்டேன். சிவப்புக் கம்பளம் திரும்பி வந்தது, முன்னைவிடப் பெரிதாக. டிஸ்கோ பட்டனில் நான் ஒட்டிய டேப்பை யாரோ உரித்துவிட்டார்கள்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவள் போன அடுத்த ஞாயிறு, யாராவது ஒரு பாட்டைத் தொடங்குங்கள் என்று பாஸ்டர் சொன்னார். அவர் சொல்லி முடிக்குமுன் நான் எழுந்து நின்றிருந்தேன். வேறு மைக்கைச் சனிக்கிழமையே சரிபார்த்து வைத்திருந்தேன். ஏழு வாரம் பாடினேன். ஒரே சீராகப் பாடினேன். நெஞ்சு நிறைந்திருந்தது, ஐயா. எட்டாவது வாரம் நான் எழுந்தபோது பாஸ்டர் கையமர்த்தினார். அவள் பாடியதை யாரோ டேப்பில் பிடித்து வைத்திருந்தார்களாம், அதை சிடியாகப் போட்டிருக்கிறார்களாம். மைக் முன்னால் ஆளே இல்லை. ஸ்பீக்கரிலிருந்து அவள் குரல் வருகிறது. இருநூறு ஐநூறாகிவிட்ட சபை கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு கூடவே பாடுகிறது. அத்தனை பேரும் கண்ணைத் திறந்துகொண்டு.

செத்தவளின் குரலை ஓடவிட்டு ஜீவனுள்ள தேவனை ஆராதிக்கலாமா? இதைவிடப் பெரிய உலகம் எது? பாஸ்டரிடம் மூன்று முறை சொன்னேன். வயிறு எரிகிறதா பிரதர் என்று அவரும் கேட்டுவிட்டார். அவளைக் கர்த்தர் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன் என்று நிரூபித்தால் ஒழிய அந்த சிடி நிற்காது என்று தெரிந்தது. அதனால் வந்தேன்.

ஆகவே பழனிவேல் என்கிற தானியேலாகிய நான், செல்லக்கனியை மின்சாரம் வைத்துக் கொன்றேன் என்று சுய நினைவோடு ஒப்புக்கொள்கிறேன். இதன் பேரில் சபையிலுள்ள சிடிக்களையும் போஸ்டர்களையும் கண்ணாடிப் பெட்டியையும் உடனடியாகக் கைப்பற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சிடியை எடுத்துவிட்டால் பாட்டுக்கு என்ன செய்வது என்று பாஸ்டர் உங்களிடம் முறையிடுவார். அதற்கும் வழி இருக்கிறது. ஞாயிறு காலை ஒன்பது முதல் பதினொன்று வரை என்னை அனுப்பிவைத்தால் போதும். கூட இரண்டு போலீஸ்காரர்கள் வரட்டும், செருப்பை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும். விலங்கு போட்டே கூட்டிப்போங்கள், ஐயா. நான் கை தட்டிப் பாடுகிறவன் இல்லை.